எதிர்ப்பு யாருடையது?

(வட்டத்தின் இத்தலார் கூட்டத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகச் சொற்களை நிறுத்துப் பார்த்துப் பழகிய அவை இது. ஒரு சொல் இடம் மாறி நின்றால் பொருள் எவ்வளவு திரிந்துபோகும் என்பதை இவ்வவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால் நாய், குதிரை முதலிய வளர்ப்பு விலங்குகளில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய இவ்வுரையும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறது. 'எதிர்ப்பு' என்பது அச்சொல்.

இன்றைய மருத்துவத் தமிழில் இச்சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. உடல் நோயை வெல்லும் ஆற்றலுக்கு 'நோய் எதிர்ப்பு ஆற்றல்' என்று பெயர். பாக்டீரியாவை அழிக்கும் ஆண்டிபயாடிக் மருந்துக்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து' என்று பெயர். அம்மருந்துக்கு அடங்காமல் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும் பண்புக்கும் 'எதிர்ப்புத் திறன்' என்றே பெயர். முதல் எதிர்ப்பு உடலுடையது, இரண்டாவது மருந்துடையது, மூன்றாவது கிருமியுடையது. முன்னிரண்டும் காப்பன; பின்னது கெடுப்பது. ஒரே சொல் மூன்றுக்கும் நிற்பதால், யார் யாரை எதிர்க்கிறார் என்பது கேட்பவர்க்குப் புலப்படுவதில்லை. 'இந்த நாய்க்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது' என்று ஒருவர் கவலையோடு சொன்னால், மற்றவர் அதனை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

பேச்சு வழக்கு இம்மயக்கத்தை மேலும் வளர்க்கிறது. ஒரு மாத்திரை முன்போல் வேலை செய்யாதபோது, 'உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்பது வழக்கம். பழகியது உடம்பன்று. உடம்பினுள் இருக்கும் பாக்டீரியாக் கூட்டமே மருந்தைத் தாங்கும் கூட்டமாக மாறியிருக்கிறது. இவ்வேறுபாடு வெறும் இலக்கண வேறுபாடன்று. பழகியது உடம்பு எனில், அது அந்த நாயின் தனித் துன்பம். அடுத்த வீட்டார்க்கு அதில் தொடர்பில்லை. மாறியது பாக்டீரியா எனில், அது அந்த நாயோடு நிற்பதில்லை. நாய் நக்கிய கைக்கும், உறங்கிய பாய்க்கும், திரிந்த தெருவுக்கும் அது செல்லும். எழுவாய் மாறினால் கடமையும் மாறுகிறது.

நீலகிரியில் நாயையும் கிருமியையும் இணைத்துப் பேசினால் முதலில் நினைவுக்கு வருவது வெறிநாய்க்கடியே. 1907இல் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையத்தின் பெயர் இம்மலையின் எல்லா ஊர்களிலும் அறியப்பட்டது. ஆனால் வெறிநோயை உண்டாக்குவது வைரஸ், பாக்டீரியா அன்று. ஆண்டிபயாடிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்வதில்லை. நாய்க்கடிக்குத் தடுப்பூசி, நாயின் காதில் வடியும் சீழுக்கோ தோலில் பரவும் புண்ணுக்கோ, தேவைப்படின், ஆண்டிபயாடிக். இவ்விரு வகைக் கிருமிகளையும் பிரித்தறியாமல், காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, சளி என்றால் ஒரு மாத்திரை என்று மனிதர்க்குக் கொடுப்பதும், எஞ்சியதை வீட்டு நாய்க்குக் கொடுப்பதும் பல இடங்களில் காணப்படும் வழக்கமாகும்.

இனி, பாக்டீரியா எவ்வாறு மருந்தை வெல்கிறது என்பதைக் காண்போம்.

பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். குடலில் வாழும் எஸ்கெரிக்கியா கோலை என்னும் வகை, உணவும் வெப்பமும் வாய்த்தால், 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். அவ்வாறே தடையின்றிப் பெருகினால், ஒன்று பத்து மணி நேரத்தில் 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் அதன் டி.என்.ஏ. படி எடுக்கப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் எழுத்துப் பிழை நேர்ந்ததுபோல் இப்படியிலும் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகள் பயனற்றவை. ஏதேனும் ஒரு பிழை மருந்திலிருந்து தப்ப உதவுமாயின், மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்ற பின் அது ஒன்றே எஞ்சி, தன் இனத்தால் அவ்விடத்தை நிரப்பும். மருந்து இப்பண்பைப் படைப்பதில்லை. அப்பண்பு உடையவற்றைத் தேர்ந்தெடுக்கிறது.

தப்பும் வழிகள் சில. மருந்தின் மூலக்கூற்றை வெட்டும் நொதியை உண்டாக்குவது ஒரு வழி. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது மற்றொரு வழி. மருந்து சென்று பற்றும் உறுப்பையே வேறு வடிவில் அமைத்துக்கொள்வது மூன்றாம் வழி. இவ்வழிகள் யாவும் மரபணுக்களில் எழுதப்பட்டவை.

தாயிடமிருந்து சேய்க்கு மட்டும் இம்மரபணுக்கள் செல்லுமாயின் கவலை சிறிதே. ஆனால் பல பாக்டீரியாக்களில் முதன்மை டி.என்.ஏ.வுக்குப் புறம்பாகச் சிறு வளையங்களாக வேறு டி.என்.ஏ.வும் உண்டு. அவற்றிற்குப் பிளாஸ்மிட் என்று பெயர். ஒரு பாக்டீரியா மற்றொன்றோடு ஒட்டி நின்று தன் பிளாஸ்மிட்டின் படியை அதற்கு வழங்க இயலும். பெறுவது வேற்றினமாயினும் தடையில்லை. வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா, பல மருந்துகளைத் தாங்கும் பண்பை எஸ்கெரிக்கியா கோலைக்கு ஒருசேர வழங்க வல்லது என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 1959இல் வெளிப்படுத்தினர். சுற்றத்தார்க்கு மட்டும் சீர் செய்யும் வழக்கம் பாக்டீரியாக்களிடம் இல்லை, வழிப்போக்கர்க்கும் கொடுத்துவிடும்.

இப்பண்பு மருந்துக் கடைகளுக்கு மிக மூத்தது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில், பெனிசிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்ளினையும் தாங்கும் மரபணுக்கள் இருந்தமை 2011இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. ஐரோப்பிய முள்ளெலியின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. அதனோடு ஒரே தோலில் வாழ வேண்டியிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, மனிதன் பெனிசிலினைக் காண்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, அதைத் தாங்கும் மரபணுவைப் பெற்றிருந்தது என்பது 2022இல் வெளியான செய்தி. அரிதாக எங்கோ இருந்த பண்பை எங்கும் இருக்கும் பண்பாக்கியதே மனிதன் செய்தது. 1928இல் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார்.

நாயின் செய்தி இது. நலமான நாயின் மூக்கிலும் வாயிலும் தோலிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. 2005இல்தான் இதற்குத் தனி இனமென்று பெயரிட்டனர். ஒவ்வாமையாலோ உண்ணியாலோ நாய் சொறிந்து தோல் கிழியும்போது இது உட்புகுந்து புண்ணாக்குகிறது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல், மெக்-ஏ என்னும் மரபணுவைத் தாங்கிய வகைகள் பெருகத் தொடங்கின. பெனிசிலின் வகை மருந்துகள் சென்று பற்றும் புரதத்தை இம்மரபணு மாற்றி அமைக்கிறது. ஆகவே ஒரு மருந்தன்று, அக்குடும்பத்து மருந்துகள் ஏறத்தாழ அனைத்தும் வீணாகின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டது. ஐரோப்பாவில் ஒரு மரபுவழியும், வட அமெரிக்காவில் மற்றொரு மரபுவழியும் மேலோங்கியிருந்தன. எண்ணற்ற நாய்களின் உடம்புகள் தனித்தனியே மருந்துக்குப் 'பழகியிருந்தால்' இவ்வாறு இராது. சில கிருமிக் குடும்பங்களே நாடு விட்டு நாடு பரவியுள்ளன என்பதற்கு இதுவே சான்று.

இக்கதையில் தமிழகத்திற்கும் இடம் உண்டு. இந்தியாவில் மருத்துவம் பெற்றுத் திரும்பிய ஒரு சுவீடன் நாட்டு நோயாளியிடம் 2008இல் ஒரு பாக்டீரியா கண்டறியப்பட்டது. மற்ற மருந்துகள் தோற்றபின் கொடுக்கப்படும் கார்பாபெனம் மருந்துகளையே வெட்டும் நொதி அதில் இருந்தது. அதற்கு நியூ டெல்லியின் பெயரை இணைத்து என்.டி.எம்.-1 என்று பெயரிட்டனர். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக அமைந்து, லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியான கட்டுரை, இந்நொதியுடைய மாதிரிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்ததாகத் தெரிவித்தது. அந்நாளில் நாட்டில் எழுந்த சினம் பெரும்பாலும் பெயரைப் பற்றியது. தலைநகரின் பெயரைக் கிருமிக்கு இடலாமா என்ற வழக்கு ஓங்கிற்று. 2011இல் லான்செட் ஆசிரியர் அப்பெயருக்காக வருத்தமும் தெரிவித்தார். பெயர் புண்படுத்தியது உண்மையே. ஆனால் வழக்கு நடந்த காலத்திலும் மரபணு பயணத்தை நிறுத்தவில்லை. நற்பேறாக, 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' என்னும் செயல்திட்டத்தை வகுத்து, பேச்சைப் பெயரிலிருந்து செயலுக்குத் திருப்பின.

அம்மரபணு விலங்குகளையும் அடைந்தது. 2013இல் அமெரிக்காவில் வளர்ப்பு விலங்குகளிலிருந்து எடுத்த எஸ்கெரிக்கியா கோலையில் என்.டி.எம்.-1 இருந்தமை வெளியிடப்பட்டது. 2015இல் ஃபின்லாந்தில் நெடுநாள் காதுச் சீழால் துன்புற்ற இரண்டு நாய்களிடம் அதன் உறவான என்.டி.எம்.-5 காணப்பட்டது. அக்குடும்பத்தாரைச் சோதித்தபோது, மனிதர் ஒருவரிடமும் அதே கிருமி இருந்தது. நாயிடமிருந்து மனிதர்க்குச் சென்றதோ, மனிதரிடமிருந்து நாய்க்குச் சென்றதோ, இரண்டும் நிகழக்கூடியனவே. ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் ஒரே நுண்ணுயிர்க் குடும்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதே இதிலிருந்து அறியத்தக்கது.

குதிரையிடம் இதே கதை வேறொரு வகையில் நிகழ்ந்தது. ரோடோகாக்கஸ் ஈக்வி என்பது மண்ணிலும் குதிரை லத்தியிலும் வாழும் பாக்டீரியா. தூசியோடு சில மாதக் குட்டிகளின் நுரையீரலுள் புகுந்து சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். 1980ஆம் ஆண்டுகளிலிருந்து எரித்ரோமைசின், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் குட்டிகள் பல பிழைத்தன. அதன் பின்னர், அமெரிக்காவின் கென்டக்கியில் சில பெரும் பண்ணைகள், நோய் வெளித்தெரியாத குட்டிகளையும் ஒலியலைப் படக் கருவியால் சோதித்து, சிறு கட்டி தெரிந்தாலும் மருந்து கொடுக்கலாயின. எண்ணம் நல்லதே. ஆயினும் சில ஆண்டுகளில் இவ்விரு மருந்துகளையும் தாங்கும் கிருமிகள் அப்பண்ணைகளில் பெருகின. அதற்குக் காரணமான ஒரு மரபணு பிளாஸ்மிட்டின் மேல் ஏறி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவக்கூடியதாக இருந்தது. சிறு கட்டிகள் உடைய குட்டிகளுட் பல மருந்தின்றியே தேறிவிடுகின்றன என்பதை ஜெர்மனியில் நடந்த ஆய்வுகள் காட்டின. தேவையற்றதற்குச் செலவிட்ட மருந்து, தேவைப்பட்ட குட்டிக்குக் கைகொடுக்காமற் போயிற்று.

ரிஃபாம்பிசின் மனிதரின் காசநோய்க்கும் தலையாய மருந்து என்பதை இங்கே நினைத்தல் தகும். கால்நடைக்கு ஒரு மருந்துப் பெட்டி, மனிதர்க்கு ஒரு மருந்துப் பெட்டி என்று இரண்டு இல்லை. பெட்டி பெரும்பாலும் ஒன்றே. கனடாவின் ஒண்டாரியோவில் 2000ஆம் ஆண்டையொட்டி, மெத்திசிலினைத் தாங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் மனிதக் கிருமி குதிரைகளிலும், அவற்றைப் பேணிய மருத்துவப் பணியாளரின் மூக்கிலும் காணப்பட்டதும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது. மேலும், குதிரை தன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டே புல்லைச் செரிக்கிறது. பொருந்தாத ஆண்டிபயாடிக் அந்நுண்ணுயிர்களைக் கலைத்துவிட்டால், கடுங்கழிச்சல் கண்டு குதிரை இறக்கவும் நேரிடும்.

இவை தொலைவிலுள்ள நாடுகளின் செய்திகள் என்று இம்மலை இருந்துவிட இயலாது. உதகைப் பந்தயத் திடலின் நிலத்தை 2024இல் அரசு மீட்டுக்கொண்டது. ஆயினும் மலையில் குதிரைகள் இல்லாமற் போகவில்லை. ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணியரைச் சுமக்கும் மட்டக்குதிரைகள் உண்டு. உழைப்பு முடிந்து அவிழ்த்துவிடப்பட்டு, சாலையில் குப்பையை மேய்ந்து திரியும் குதிரைகளும் உண்டு. இத்தலார் போன்ற ஊர்களில் வீட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் காய்கறி நிலத்துக்கும் காவல் நாயே. சாணமும் லத்தியும் உரமாகி நிலத்தில் சேர்கின்றன. மழைநீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு எல்லாவற்றையும் கொண்டு செல்கிறது. நாய், குதிரை, எருமை, உழவர், பயணியர் ஆகிய அனைவரும் ஒரு சரிவில் கலந்து வாழும் இடம் இது. கிருமிக்கு இதைவிட நல்ல சந்தை வேண்டுவதில்லை.

அதனால் நாயை விரட்ட வேண்டும், குதிரையை அஞ்ச வேண்டும் என்பது பொருளன்று. அவை இக்குற்றத்தின் காரணர் அல்ல, உடன் துன்புறுவோர். செய்யத்தக்கவை எளியவை. ஆறாத புண்ணுக்கு மருந்தை மாற்றிக்கொண்டே போவதற்கு முன், கிருமியைச் சோதிக்கச் சொல்லிக் கால்நடை மருத்துவரைக் கேட்கலாம். பஞ்சுக்குச்சியால் எடுத்த சீழை ஆய்வகத்தில் தட்டில் வளர்த்து, அதன்மேல் மருந்து தோய்த்த சிறு வட்டுக்களை வைப்பர். எந்த வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் தோன்றுகிறதோ அம்மருந்து பயன்படும். வட்டின் ஓரம்வரை கிருமி வளர்ந்திருந்தால் பயன்படாது. இரண்டு மூன்று நாளில் விடை தெரியும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிந்த தமிழர்க்குப் புதிய நெறியன்று. நாயின் தோற்புண்கள் பலவற்றிற்குக் குளோர்ஹெக்சிடின் கலந்த கழுவு மருந்தே போதுமானதாகலாம். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் குறித்த அளவையும் நாளையும் குறைக்காமல், மனிதர்க்கு எழுதிய மருந்தை விலங்குக்கு மாற்றாமல், விலங்கைத் தொட்டபின் கையைக் கழுவினால் பாதி வேலை முடிந்தது.

அரசும் சில வேலிகளை இட்டுள்ளது. 2014 மார்ச் முதல், முதன்மையான பல ஆண்டிபயாடிக் மருந்துகளை விற்கும்போது மருந்துச் சீட்டின் விவரத்தைக் கடைக்காரர் பதிந்து வைக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. மாத்திரைப் பட்டையில் உள்ள சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டின்றி இதை வாங்காதே என்பதன் குறி. 2016இல் அதுபற்றிய பரப்புரை தொடங்கிற்று. மனிதர்க்குக் கடைசி அம்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவது 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டில் உலகில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேர்க் காரணமாக இறந்தோர் 12.7 லட்சம் பேர் என்று 2022இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. வேலிகள் இருந்தும், வேலி எதற்கென்று மக்கள் அறியாவிடில் அவற்றைத் தாண்டுவது எளிது.

அறியச் செய்வதற்குச் சொல் வேண்டும். கவிஞர்களிடம் இவ்வுரை வைக்கும் வேண்டுகோள் இதுவே. கால்நடை மருத்துவத்திற்கு வாகடம் என்று பெயரிட்டு நூல் செய்த மொழி தமிழ். 'கணினி', 'மரபணு' ஆகிய சொற்கள் செயற்கையானவை என்று நகைக்கப்பட்ட காலம் உண்டு. இன்று பள்ளிப் பிள்ளைகள் அவற்றைத் தயக்கமின்றிச் சொல்கின்றனர். இந்தப் பண்புக்கும் அவ்வாறு ஒரு சொல் பிறக்கலாம். அதற்கு நான்கு இலக்கணங்கள் போதும். 'எதிர்ப்பு' என்னும் சொல் அதில் இருத்தலாகாது. வினையைச் செய்வது கிருமி என்பது கேட்ட அளவில் விளங்க வேண்டும். தேயிலை பறிக்கும் மூதாட்டிக்கு விளக்கவுரை இன்றிப் புரிய வேண்டும். படுக மொழிப் பேச்சிலும் அது இடறாமல் அமர வேண்டும்.

'மருந்து தாங்குதிறன்' என்று சிலர் சொல்வர். தாங்குதல் நிலத்துக்கும் தாய்க்கும் உரிய நற்பண்பாக வழங்குவதால், அச்சொல்லில் தீமை தோன்றவில்லை. 'மருந்துக்கு மசியாமை' என்பதில் பேச்சின் உயிர்ப்பு இருக்கிறது. 'மருந்து மீறல்' என்பது சுருக்கமானது. 'கிருமி மருந்தை மீறிவிட்டது' என்று வாக்கியத்தில் வைத்தால் எழுவாய் தன் இடத்தில் நிற்கிறது. இவற்றினும் சிறந்தது இவ்வவையில் பிறக்கக்கூடும். எதுவாயினும், 'உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்று சொல்லும் வீட்டில், 'கிருமி மீறிவிட்டது, சோதித்துப் பார்ப்போம்' என்ற பேச்சு எழுமாயின், அவ்வீட்டு நாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே ஒரு நன்மை நிகழ்ந்துவிடும்.

பத்தாண்டு நிறைந்த வட்டம் பல பத்தாண்டுகள் தழைக்க வாழ்த்துக்கள்.